என் தங்கையிடம் வாங்க மறுத்த வரி

1

வரி கட்ட மாட்டேன் என்று சண்டை போடுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். என்னிடம் வரி வாங்கியே தீர வேண்டும் என்று சண்டை போட்ட ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் என் தங்கை மாரி.

நான் நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில் இருக்கிறேன். வந்து பதினாறு வருடம் ஆகிறது. மாரி நாங்கள் பிறந்த ஊரிலேயே இருக்கிறாள். கோவில்பட்டியில் எட்டயபுரம் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, கரிசலுக்கு நடுவே உள்ளே போகிற ரோட்டில் போக வேண்டும். எங்கள் அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான். அவர் இறந்த பிறகு காட்டைப் பார்த்துக்கொள்வது மாரி. காடு என்றால் எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலம். பட்டா எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று சட்டம் சொல்லிவிட்டதால் அதில் யாரும் வாய் திறக்கவில்லை. உழுவதும் விதைப்பதும் காட்டுப்பன்றியை விரட்டுவதும் அவள். நான் தொலைபேசியில் விசாரிப்பதோடு சரி.

பங்குனியில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. அதற்கு முன்னால் ஊர்வரி பிரிப்பார்கள். வீட்டுக்கு வரி கிடையாது, தலைக்கட்டுக்குத்தான் வரி. தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆன ஆண். ஒரே வீட்டில் அப்பாவும் கல்யாணம் ஆன இரண்டு மகன்களும் இருந்தால் மூன்று தலைக்கட்டு. மகள்கள் மட்டும் இருந்தால் அப்பா இருக்கிற வரைக்கும் ஒன்று, அவருக்குப் பிறகு ஒன்றுமில்லை. போன வருடம் பங்குனியில் மாரி வரிப்பணத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள். வரி பிரிப்பவர் சீனி பெரியப்பா, எங்கள் அப்பாவுக்குப் பெரியப்பா மகன். அவர் பணத்தைத் தொடவே இல்லையாம்.

"ஏட்டி மாரி, ஒனக்கு எதுக்கு வரி? பொம்பளப் பிள்ளைட்ட வரி வாங்குனா ஊருக்குல்லா அசிங்கம்? ஒன் வீட்டுக்காரரு அவரு ஊரு எப்போதும்வென்றான்ல தலைக்கட்டுக் கட்டுதாரு. ஒரு ஆளுக்கு ரெண்டு ஊர்லயா தலைக்கட்டு?"

"அவரு லாரியில போயிருதாரு பெரியப்பா. இங்கன காடு எங்க பேர்ல இருக்கு. நாந்தான் வெள்ளாம வைக்கேன். எம் பேர்ல வாங்குங்க."

"நீ பாட்டுக்கு வா, சாமியக் கும்புடு, சாப்பிடு. ஒன்னய யாரு வேண்டாங்கா?"

இதை மாரி எனக்குச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவளுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. பேசும்போது அழவில்லை. மூச்சுதான் பெரிதாக வந்தது.

2

கட்ட வேண்டாம் என்றால் மிச்சம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று உங்களுக்குத் தோன்றலாம். என் கணவர் சரவணனும் அதைத்தான் கேட்டார். அவர் மதுரைக்காரர். உளுந்தை அவருக்கு வடையாகத்தான் தெரியும்.

உளுந்துச் செடியைப் பறித்துக் காயப்போட்டு அடிக்க வேண்டுமென்றால் கெட்டியான தரை வேண்டும். கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் போட்டு அடித்தால் பாதி உளுந்து வெடிப்புக்குள் போய்விடும். அதனால் ஊருக்குப் பொதுவாக ஒரு சிமெண்டுக் களம் இருக்கிறது. தை மாதத்தில் அடிக்கிற மெஷின் வெளியூரிலிருந்து வந்து அந்தக் களத்தில்தான் நிற்கும். யார் முதலில் அடிப்பது, யார் அடுத்தது என்பதற்குக் கொடை முடிந்த மறுநாளே கோயிலில் சீட்டுப் போட்டுவிடுவார்கள். வரி கட்டிய தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. எல்லாச் சீட்டும் ஒரே குடத்துக்குள் போகும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். பெரிய சம்சாரிக்கும் ஒரு சீட்டுதான், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஒரு சீட்டுதான்.

"நம்ம ஊர்க் குடத்துக்குள்ள பெரிய ஆளு சின்ன ஆளு கெடையாது" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நானும் அந்தப் பெருமையிலேயே வளர்ந்தேன். சமத்துவம், சமவாய்ப்பு என்றெல்லாம் இங்கே யாராவது பேசினால், அதை நாங்கள் ஒரு பித்தளைக் குடத்தில் வைத்திருக்கிறோம் என்று நான் வேலைக்குப் போகும் பள்ளியின் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அளந்திருக்கிறேன். அது பொய்யும் இல்லை. குடத்துக்குள் விழுந்துவிட்ட சீட்டுகளுக்குள் எந்த வித்தியாசமும் கிடையாது. விழவிடாமல் வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அப்பா கடைசியாக வரி கட்டிய வருடத்துச் சீட்டை வைத்து மாரி ஒரு தை மாதத்தை ஓட்டினாள். அதற்கு அடுத்த வருடம் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். சீட்டு இல்லாதவர்கள், எல்லாரும் அடித்து முடித்த பிறகுதான் களத்தில் இறங்கலாம். மாரி உளுந்தைப் பறித்து, குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தாள். தை மாதத்தில் மழை பெய்யாது என்பதெல்லாம் பழைய கதை. அந்த வருடம் ஊற்றியது. தார்ப்பாய்க்கு அடியிலும் தண்ணீர் போய்விட்டது. நான்கு நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். நெற்றுக்குள்ளேயே வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. கீழே குரல் செய்தி.

"எக்கா, இத உளுந்துன்னு விக்கவா, முளைகட்டுன பயறுன்னு விக்கவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த வருட உழைப்பு முழுக்க ஆட்டுக்குப் போனது. மாரியின் மகள் கோவில்பட்டியில் நர்சிங் படிக்கிறாள். இன்னொரு வருடம் இப்படிப் போனால் படிப்பை நிறுத்த வேண்டியிருக்கும் என்றாள். குடத்தில் அவளுக்கு ஒரு சீட்டு வேண்டும் என்பது இதற்காகத்தான். மரியாதைக்கு இல்லை, கோயிலில் முதல் திருநீற்றுக்கும் இல்லை.

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் வேறு. அந்தக் களத்துக்குச் சிமெண்டு போடப் பணம் அனுப்பியது நான். என் சம்பளத்திலிருந்து அனுப்பினேன். அதை வாங்க யாருக்கும் அசிங்கமாக இல்லை. களத்து ஓரத்தில் பளிங்குக் கல் வைத்து, "உபயம்: நியூசிலாந்து சரவணன் குடும்பத்தார்" என்று பொறித்தும் விட்டார்கள். நன்கொடை யாரும் கொடுக்கலாம். கொடுப்பதற்குத் தடையே இல்லை. வரி கட்டினால்தான் கேள்வி கேட்கிற உரிமை வந்துவிடுகிறது. அதனால் அதை வாங்க மாட்டார்கள்.

3

இந்த நாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வெளிநாட்டுக்குப் போனதும் கண் தெரியவில்லை என்பீர்கள்.

நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்த கொஞ்ச நாளில் வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள் என்று கடிதம் வந்துவிட்டது. குடியுரிமை கூட அப்போது நான் வாங்கவில்லை. இங்கே தங்குகிறாய், வரி கட்டுகிறாய், ஓட்டும் போடு என்கிறார்கள். கல்யாணம் ஆனவளா, யாருடைய மகள், வீட்டுக்காரருக்கு எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டது குடும்பப் பெயர் மட்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து வங்கி, ஆஸ்பத்திரி, மின்சாரக் கம்பெனி எல்லாவற்றிலும் என்னை மிஸஸ் கருப்பசாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்ப் பட்டியலில் அப்பா பெயரை அடித்த பிறகு, அந்தச் சிரிப்பு வருவதில்லை.

அதற்காக இது சொர்க்கம் இல்லை. நான் கோவில்பட்டியில் ஒன்பது வருடம் கணக்கு டீச்சர். இங்கே வேலை விளம்பரங்களின் அடியில், நாங்கள் அனைவருக்கும் சமவாய்ப்பு அளிப்பவர்கள் என்று தவறாமல் அச்சிட்டிருப்பார்கள். போய் உட்கார்ந்தால், "இந்த நாட்டில் பாடம் நடத்திய அனுபவம் உண்டா?" என்பார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. ஒரு தலைமையாசிரியை ரொம்பப் பக்குவமாக, "உங்கள் கணக்கில் குறை இல்லை, உங்கள் உச்சரிப்புக்குப் பிள்ளைகள் பழக நாளாகும்" என்றார். கோவில்பட்டியில் என் உச்சரிப்புக்குப் பிள்ளைகள் ஒரே நாளில் பழகினார்கள், பிரம்பு இல்லாமலே.

இப்போதும் நான் மாற்று ஆசிரியைதான். யாருக்காவது காய்ச்சல் வந்தால் காலையில் எனக்குப் போன் வரும். அந்த ஆசிரியர் குணமாகி வந்ததும் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். உரிமை என்று பார்த்தால் எனக்கு இங்கே எல்லாம் இருக்கிறது. என் தங்கைக்கும் பட்டா இருக்கிறது. இரண்டு பேரும் ஏட்டுச் சுரைக்காயை வைத்துக்கொண்டு கறி வைக்கப் பார்க்கிறோம்.

4

மாரி பேசிய மறுநாள் நானே சீனி பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு நா எழாது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, கோவில்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனவர். அதனால்தான் கோபமும் கூடுதலாக வந்தது.

"பெரியப்பா, மாரிட்ட வரி வாங்குனா என்ன?"

"நீ படிச்ச பிள்ள ஜெயா. நீயே இப்பிடிக் கேக்கலாமா? இன்னிக்கு மாரிட்ட வாங்குனா நாளைக்கு கட்டிக் குடுத்த பிள்ளைக எல்லாம் வந்து நிப்பாளுவ. எங்களுக்கும் சீட்டுப் போடுங்கன்னா குடம் பத்துமா?"

"பெரிய குடமா வாங்கித் தாரேன்."

சிரித்தார். "ஒங்கப்பன் வாய் அப்பிடியே இருக்கு" என்றார். அவருக்கும் மாரியின் உளுந்து முளைத்துப்போனது உறுத்தியிருக்க வேண்டும். ஒரு வழி இருக்கிறது என்று மெல்ல இழுத்தார்.

"ஒம் மகன் இருக்கான்லா, கவின். கருப்பசாமி பேரன். அவன் பேர்ல தலைக்கட்டுப் போட்டுருவோம். சீட்டு விழும். மாரி அத வச்சி அடிச்சிக்கிடட்டும். ஊர்ல நான் பேசிக்கிடுதேன், ஒருத்தனும் மறுக்க மாட்டான்."

"அவனுக்குப் பதினாலு வயசு பெரியப்பா. கல்யாணம் ஆன ஆளுக்குத்தான தலைக்கட்டு?"

"ஆம்பளப் பிள்ளதான? என்னிக்கிருந்தாலும் கெட்டிக்கிடுவான்லா."

"அப்பிடிப் பாத்தா அவனுக்கு அவங்க அப்பா ஊர் மதுரை."

"அவன் வெளிநாட்டுலதான இருக்கான்? அங்கன அவனுக்கு ஏது ஊரு? நம்ம ஊருன்னு வச்சிக்கிடுவோம்."

போனை வைத்த பிறகு கொல்லைப்புறத்தில் போய் நின்றேன். என் தங்கை அந்த ஊரிலேயே பிறந்து, அந்த மண்ணிலேயே முதுகு வளைந்து வேலை செய்கிறாள். அவளுக்காக வளையாத விதி, கடல் கடந்து இருக்கிற ஒரு பையனுக்காக மூன்று இடத்தில் வளைந்துவிட்டது. வயதும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம், ஊரும் வேண்டாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பார்கள். எங்கள் ஊரில் பூசாரி வரம் கொடுத்தார், ஆளை மாற்றிக் கொடுத்தார்.

5

கவினிடம் சொன்னேன். அவன் தமிழைப் புரிந்துகொள்வான், பதில் ஆங்கிலத்தில் வரும்.

"அதுக்கு நான் ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"அப்ப சரி" என்று திரும்பவும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவனைத் திட்டவும் முடியவில்லை. ஒன்றுமே செய்யாமல் கிடைப்பதை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

கேட்டுக்கொண்டிருந்தவள் என் மகள் யாழினி. அவள் மூத்தவள். அந்த வாரம்தான் அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. வாக்காளராகப் பதியச் சொல்லி அவள் பெயருக்கு வந்த கடிதம் சாப்பாட்டு மேசையில் பிரித்தபடி கிடந்தது. லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் கவின் தன் அத்தை வீட்டு ஏசி அறையைத் தேடி மதுரைக்கு ஓடிவிடுவான். இவள் சித்தியோடு காட்டில் கிடப்பாள். பருத்தி எடுத்துக் கை கிழிந்து வந்திருக்கிறாள். அவள் பேசுகிற தமிழே மாரியின் தமிழ்தான்.

"எம்மா, கருப்பசாமிக்கு நானும்தான பேத்தி? கவினுக்கு முன்னாடி பிறந்தவ. ஏன் எம் பேர்ல போடல?"

"பொம்பளப் பிள்ளைக்குத் தலைக்கட்டு கிடையாதாம்."

"அப்ப நீ வேண்டாம்னு சொல்லு. கவின் பேரும் வேண்டாம்னு சொல்லு. இதுக்குச் சம்மதிச்சா சித்திக்குக் கிடையாதுன்னு நீயும் சொல்லுத மாதிரி."

அவள் சொன்னது சரி. அன்றைக்கே மாரியைக் கூப்பிட்டு, நான் சம்மதிக்கப் போவதில்லை, வக்கீலைப் பார்ப்போம், கலெக்டருக்கு மனுப் போடுவோம் என்றேன். மாரி முழுவதும் கேட்டாள்.

"பேசி முடிச்சிட்டியா? இப்ப நான் சொல்லுதத கேளு. கலெக்டர் ஆபீஸ்ல மனுக் குடுத்துட்டு வந்தா நான் இந்த ஊர்லதான் இருக்கணும். தண்ணி எடுக்கப் போணும், ஆள் கூப்புடப் போணும், டிராக்டர் கேக்கப் போணும். எவன் வருவான்? நீ அங்கன இருந்து சட்டம் பேசுத. எனக்கு தை மாசம் வந்துரும்க்கா."

"அதுக்காக அந்தச் சின்னப் பய பேர்லயா நீ அடிக்கணும்? ஒனக்கு ரோசமா இல்லியா?"

"ரோசம் இருக்கப் போயிதான மொதல்ல நானே போய் வரிய நீட்டுனேன். வாங்கலியே. ஒனக்குச் சமத்துவம் வேணும், எனக்கு உளுந்து வேணும். ரெண்டும் ஒண்ணாக் கெடைக்கலன்னா நான் எத எடுக்க?" அதோடு விடவில்லை. "இன்னொண்ணும் சொல்லுதேன். கீழத்தெரு ஆளுக அடுத்தவுக காட்ட வாரத்துக்கு எடுத்து வெள்ளாம வைக்காவ. ஆம்பளையும் சரி பொம்பளையும் சரி, ஒருத்தருக்கும் குடத்துல சீட்டு கெடையாது, களத்துலயும் எறங்க விடமாட்டாவ. இத்தன வருசமா ரோட்டுல போட்டு வண்டிய ஏறவிட்டுத்தான் அடிக்காவ. அதுக்கு நீ ஒரு நாளாவது பெரியப்பாவுக்குப் போன் போட்டிருக்கியா? நானும் போய்க் கேக்கல. எனக்கு இல்லன்ன பொறவுதான நமக்குக் கண்ணு தெரியுது."

சிமெண்டு போடப் பணம் அனுப்பியபோது ஊர்க்களம் என்றுதான் நினைத்தேன். யாருடைய ஊர் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு நாள் கழித்து கவின் பெயரில் வரியை அனுப்பினேன். அடுத்த நிமிடமே கிடைத்துவிட்டது என்று பெரியப்பா செய்தி அனுப்பினார். பக்கத்தில் ஒரு கும்பிடு போடுகிற கை. யாழினி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் செய்ததைத் தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல வாய் வரவில்லை. உரிமைக்காக நிற்பது என்றால் நிற்கிற தரை நம்முடையதாக இருக்க வேண்டும். நான் நிற்க நினைத்தது மாரியின் தரையில்.

கொடை முடிந்து சீட்டு எடுத்தார்கள். கவின் பெயர் இரண்டாவதாக வந்தது. ஊரே கைதட்டியதாம்.

6

இந்தத் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாரி வீடியோவில் கூப்பிட்டாள். இங்கே பிற்பகல், நல்ல கோடை வெயில். அங்கே காலைப் பனி இன்னும் விலகவில்லை. அவளுடைய மகள் போனைப் பிடித்திருந்தாள். மாரியின் உளுந்து டிராக்டர் டிரெய்லரில் மலையாகக் குவிந்திருந்தது. அப்படி ஒரு விளைச்சலை அப்பா காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. வானத்தை ஒரு முறை சுற்றிக் காட்டச் சொன்னேன். மேற்கே மேகம் கட்டியிருந்தது. மழை நாளைக்குத்தான் என்று டிவியில் சொன்னார்களாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

யாழினி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். கவின் நண்பர்களோடு ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தான்.

முதல் ஆள் அடித்து முடித்ததும் மெஷினை நிறுத்தினார்கள். ஆள் மாறி ஆள் இறங்கித் தகராறு வந்துவிடக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த முறைக்காரர் களத்துக்கு நடுவில் வந்து, எல்லாருக்கும் கேட்க, சீட்டில் உள்ள தன் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகுதான் மெஷின் ஓடும். பெரியப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு களத்தை ஒட்டிய கோயில் படியில் நின்றார்.

"அடுத்த தலைக்கட்டு யாரு? வந்து பேரச் சொல்லுங்க."

மாரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். களத்தைச் சுற்றி நின்றவர்களில் அவளைப் பிறந்ததிலிருந்து தெரியாதவர் ஒருவரும் இல்லை. பெரியப்பாவின் கையைப் பிடித்து நடை பழகியவள் அவள். அவர் அவளைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு?" என்று திரும்பவும் கேட்டார்.

என் தங்கை நிமிர்ந்து, சத்தமாக, "கவின்" என்றாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது.